கிளுவை வேலி இருந்த இடத்தில்

தாராபுரத்திலிருந்து திருப்பூர் ரோட்டில் போனால் இரண்டு பக்கமும் வெள்ளையடித்த சிறு கற்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் சைட் கற்கள். பனியன் கம்பெனியில் இருபது வருசம் உழைத்துச் சேர்த்த காசில் மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டுகிற குடும்பங்களை அந்தக் கற்களுக்கு நடுவே பார்க்கலாம். எங்கள் அப்பாரு ஆடு மாடு மேய்த்த கொறங்காடும் இன்றைக்குக் கல் நட்ட காடுதான். அதன் ஒரு மூலையில்தான் நானும் வீடு கட்டியிருக்கிறேன்.

கொறங்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். தாராபுரம், மூலனூர், காங்கேயம் பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடும் செம்மறியும் மேய்ந்து வளர்ந்த இடம். கிளுவைப் போத்தை வெட்டி நெருக்கமாக நட்டுவிட்டால் வேர் பிடித்து, ஆள் நுழைய முடியாத முள் வேலியாகிவிடும். ஆடு வெளியே போகாமல் இருக்கத்தான் வேலி என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். கீழ்ப்புறத்து வேலியைத் தாண்டும்போது மட்டும் முழங்கால் உயரம் கீழே குதிக்க வேண்டியிருக்கும். ஏன் அந்த ஒரு பக்கம் மட்டும் அப்படி என்று அப்போது யோசித்ததில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இருப்பதால் ஆடி மாதம் எங்களுக்குக் காற்றுதான் அதிகம், மழை கொஞ்சம். ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. அதுவும் பல வருசம், காய்ந்து இறுகிய தரையில் ஒரே சாயங்காலத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். பார்வைக்குச் சமமாகத் தெரிகிற காட்டிலும் ஒரு வாட்டம் இருக்கும். அந்த வாட்டத்தில் ஓடிய தண்ணீர் புல்லில் தட்டுத் தடுமாறி, கீழ் வேலியில் நின்று, கொண்டுவந்த மண்ணை அங்கேயே இறக்கிவிட்டுத்தான் வெளியேறியது. நான் குதித்த முழங்கால் உயரம் அப்படிப் பல தலைமுறையாக வேலி பிடித்து வைத்த மண். காற்றில் பறந்துவிடாமல் காத்ததும் அதே வேலி.

சைட் போட்டபோது வேலியும் புல்லும் ஒரே காலையில் போய்விட்டன. பொக்லைன் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளியது. நாங்கள் பள்ளம் என்று சொல்வது வெறும் குழியை அல்ல, மழைத் தண்ணீர் அமராவதியை நோக்கி இறங்குகிற ஓடையை. எங்கள் காட்டுக் குறுக்கே அப்படி ஒரு சின்னப் பள்ளம் போயிற்று. இப்போது அது மூன்று மனைகளும் ஒரு முப்பதடி ரோடும்.

மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. அதில் 5 செ.மீ. மழை விழுந்தால் ஆறாயிரம் லிட்டர் தண்ணீர். கொறங்காட்டில் அது மூன்று சென்ட் முழுக்கப் பரவி விழுந்தது, ஒரு பங்கை மண் குடித்தது. இப்போது பெரும்பகுதி மாடியில் விழுந்து இரண்டு குழாய் வழியாக ஒரே இடத்தில் கொட்டுகிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அடிக்கும் வலு நான்கு மடங்காகும். முதல் ஐப்பசியில் என் வீட்டுக் குழாய்க்கு அடியில் முழ ஆழத்துக்குக் குழி விழுந்தது. பேஸ்மட்டத்தை ஒட்டிக் கொட்டியிருந்த கிராவல் இறங்கி, சுற்றுத் தளத்துக்கு அடியில் கை நுழைகிற அளவு பொந்து. கீழ்வீட்டு அம்மா வந்து, “ஏனுங்க, உங்க தண்ணி எங்க காம்பவுண்டு அடியை அரிக்குதுங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் இந்தப் பேச்சே எழாது. நான்கு புறத்துத் தாழ்வார ஓட்டுத் தண்ணீரும் நடுத்தொட்டியில் விழுந்து, கல் பாவிய சலதாரை வழியாக வெளியேறும். வாசலை மெழுகும்போதே வாட்டம் பார்த்து மெழுகுவார்கள். கொட்டிய மண்ணை அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்துத்தான் மேலே போவார்கள். லாரி மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே தளம் போடுகிற அவசரம்தான் இன்று பாதி வீடுகளின் விரிசலுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

நான் செய்த திருத்தம் பெரிய செலவில்லை. டியூப் லெவல் பிடித்து, சுவரிலிருந்து பத்தடிக்கு ஆறு அங்குலம் வெளிப்பக்கம் இறங்கும்படி மண்ணை இடித்துச் சரித்தோம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். மாடிக் குழாயை அதற்காகக் கட்டிய தொட்டிக்குத் திருப்பினோம். தொட்டி நிரம்பி வழிகிற இடத்தில் கருங்கல் சல்லி. கீழ் எல்லையில் ஒரு வரிசை வெட்டிவேர். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக மூன்று மீட்டர் வரை இறங்கும், தண்டு நெருங்கி நின்று தண்ணீரை வடிகட்டி விடும். 1980களில் உலக வங்கி சார்பில் இந்தியாவில் வேலை செய்த ரிச்சர்ட் கிரிம்ஷாவும் ஜான் கிரீன்ஃபீல்டும் மண்ணரிப்புக்கு இந்தப் புல்லை உலகெங்கும் எடுத்துச் சொன்னார்கள். கர்நாடகத்துக் குண்டலுப்பேட்டை விவசாயிகள் அதற்கு வெகு முன்பே எல்லை வரப்பில் இதை வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரே நம் வெட்டிவேர்தான்.

ரோடு மட்டும் என் கையில் இல்லை. பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு வாசலைவிட உயர்ந்துகொண்டே போனால் எந்த வாட்டமும் செல்லாது. பழையதைச் சுரண்டிவிட்டே புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். எங்கள் வீதிக்குத் தார் வரும் நாளில் அதைக் கேட்டு நிற்க வேண்டும்.

போன வாரம் பழைய பள்ளம் போன மனையில் கடக்கால் வெட்டினார்கள். சுண்ணாம்புக் கயிறு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய், இங்கே முன்பு தண்ணீர் ஓடியது என்றேன். கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, “எந்தப் பக்கமிருந்து வருமுங்க?” என்று கேட்டார். மேற்கே கை காட்டினேன். டியூப்பில் தண்ணீரை நிரப்பச் சொல்லிப் பையனைக் கூப்பிட்டார்.