நல்ல கொள்முதலைப் பாராட்டுவோம்

வணிகர்கள் நான்கு பேர் கூடினால் அரசு அலுவலகங்களைப் பற்றிய பேச்சு வராமல் இராது. டெண்டர் நிபந்தனைகளே யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டவை என்பார் ஒருவர். பில் கொடுத்து ஆறு மாதமாகிறது, மேசையை விட்டு நகரவில்லை என்பார் இன்னொருவர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே அரசில், வாங்கும் பொருளில் தரமும், கொடுக்கும் பணத்தில் கணக்கும், சப்ளை செய்பவரிடம் நாணயமும் காக்கின்ற கொள்முதல் பிரிவினரும் இருக்கின்றனர். அவர்களை நாம் எப்போதாவது பாராட்டியிருக்கிறோமா?

கொள்முதல் எவ்வளவு கடினமான வேலை என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? கடையில் லாபம் கைக்கு வருவது விற்பனையில். அது தீர்மானமாவதோ கொள்முதலில். பருப்பை மாற்றி வாங்கிவிட்டால் நஷ்டம் நம் பணம். சரியாக வாங்கினால் லாபமும் நமக்கே. அரசுக் கொள்முதல் அலுவலரின் நிலை வேறு. அவர் திறமையால் பல லட்சம் மிச்சமானாலும் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடாது. ஒரு கையெழுத்து தவறினாலோ தணிக்கைக் குறிப்பு, விளக்கம், விசாரணை என்று ஓய்வு பெறும் வரை தொடரும். கையெழுத்துப் போடாமல் கோப்பைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு என்று ஒருவர் நினைத்தால் வியப்பில்லை. துணிந்து, நேரத்தில், நேர்மையாக முடிவெடுப்பவருக்கு ஒரு நல்ல வார்த்தையாவது கிடைக்க வேண்டும் என்று நாம் கூறுவது இதனால்தான்.

மருந்துக் கொள்முதலில் ஒரு முன்மாதிரி

நம் மாநிலத்திலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியது. அவர்கள் செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒழுங்கான மளிகைக் கடைக்காரர் செய்வதைப் பெரிய அளவில் செய்தார்கள்.

முதலில், எந்தெந்த மருந்து அவசியம் என்று பட்டியல் போட்டுக் கொண்டார்கள். டெண்டரை இரண்டு உறைகளாகக் கேட்டார்கள். முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி. அதில் தேறியவருக்கு மட்டுமே விலை உறை பிரிக்கப்படும். தகுதியில்லாதவர் அடிமட்ட விலை எழுதி உள்ளே நுழைய வழியில்லை. வந்த சரக்கின் ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். யாருடைய சரக்கு என்று சோதிப்பவருக்கே தெரியாது. மாவட்டங்களில் கிடங்குகள் அமைத்து, இருப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, ஒதுக்கிய தொகைக்குள் தேவையானதைக் கேட்டுப் பெறச் செய்தார்கள். மாத்திரை அட்டையிலேயே அரசு முத்திரை இருந்ததால் அது வெளிக் கடைக்குப் போவது கடினமாயிற்று. தாமதமாக அனுப்பியவருக்கு அபராதம். தரம் தவறியவருக்குக் கறுப்புப் பட்டியல்.

இந்த முறையில் உற்பத்தியாளரிடமிருந்தே நேரடியாக வாங்கினார்கள். இடையில் நிற்கும் நம் போன்ற வியாபாரிக்கு அதில் இடமில்லை. ஆயினும் நல்லதை நல்லது என்று சொல்ல அது தடையாக இருக்கக் கூடாது. பின்னர் கேரளமும், 2011-ல் ராஜஸ்தானும் இதே வழியில் தத்தம் கழகங்களை அமைத்தன.

நாம் எதைப் பார்த்துப் பாராட்டுவது?

மளிகை வியாபாரிகளாகிய நமக்கு விடுதிகள், மருத்துவமனைச் சமையற்கூடங்கள் போன்ற இடங்களோடுதான் பெரும்பாலும் தொடர்பு. அங்கு ஒரு கொள்முதல் பிரிவு சிறந்ததா என்று அறிய நான்கு கேள்விகள் போதும்.

டெண்டரில் தரம் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா? 'நல்ல துவரம் பருப்பு' என்று மட்டும் எழுதினால் ஆளுக்கு ஆள் பொருள் மாறும். ஈரப்பதம், உடைசல், கலப்பு எத்தனை சதவீதம் வரை என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை.

உறைகள் எல்லோர் முன்னிலையிலும் பிரிக்கப்படுகின்றனவா, தோற்றவருக்குக் காரணம் தெரிகிறதா? 1998-ன் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்காகவே வந்தது. ஏற்பு முடிவால் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் அது வழி தருகிறது.

சரக்கு வந்து இறங்கிய அன்றே எடை போட்டு, ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று எழுத்தில் தருகிறார்களா?

நான்காவது, பணம் எத்தனை நாளில் வருகிறது? இதுவே நமக்கு உயிர்நாடி. 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி. ஆனால் 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் சலுகைக்கு மட்டும் என்று வரம்பு கட்டிவிட்டார்கள். ஆகவே பொருளைச் செய்பவருக்குள்ள 45 நாள் பாதுகாப்பு, அதை வாங்கி விற்கும் நமக்கு இல்லை.

இதன் விளைவை நாம் நேரில் கண்டிருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் பணம் தேங்கியதால், வட்டிக்கு வாங்கிச் சரக்கு போட்டுவந்த ஒரு சிறு வியாபாரி அந்த வழியையே விட்டுவிட்டார். அடுத்த முறை டெண்டருக்கு வந்தவர்கள் இரண்டே பேர், விலையும் ஏறிற்று. தாமதத்தின் வட்டியை வியாபாரி விலையில் சேர்க்காமல் இருக்க முடியுமா? நேரத்தில் பணம் தரும் அலுவலகத்துக்கோ பத்துப் பேர் போட்டியிடுவர். அரசுக்கும் அதுவே லாபம்.

சங்கத்துக்கு ஒரு யோசனை

ஆண்டுக்கு ஒருமுறை, மாவட்டத்தில் சிறந்த கொள்முதல் பிரிவு ஒன்றை நம் சங்கம் தேர்ந்தெடுத்துப் பாராட்டலாம். ஆனால் கவனமாகச் செய்ய வேண்டும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசுகளுக்கும் பாராட்டு விழாக்களுக்கும் கட்டுப்பாடு வைத்துள்ளன. ஆகவே பொன்னாடை வேண்டாம், வெள்ளித் தட்டும் வேண்டாம். தனி வியாபாரி எவரும் பாராட்டக் கூடாது. அது வேறுவிதமாகத் தோன்றும். சங்கத்தின் பெயரில் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம், நம் இதழில் காரணங்களோடு ஒரு பக்கம், இவை போதும்.

அதிகாரியை மட்டும் குறிப்பிடாமல், எடை பார்க்கும் ஸ்டோர் கீப்பரையும் பில் போடும் எழுத்தரையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். வேலை அவர்கள் எல்லோருடையதும்.

முக்கியமாக, டெண்டர் கிடைத்தவரிடம் மட்டும் கருத்துக் கேட்கக் கூடாது. கிடைத்தவர் புகழ்வது இயல்பு. தோற்றவர், "எனக்குக் கிடைக்கவில்லை; ஆனால் முறையாகத்தான் நடந்தது" என்று சொன்னால் அதுவே உண்மையான நற்சான்று.

குறைகளைச் சுட்டிக்காட்டும் உரிமையை நாம் விட்டுவிடப் போவதில்லை. வணிகருக்கும் அரசு 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற கோரிக்கையை இன்னும் உரக்கக் கேட்போம். சட்டம் வரும்வரை காத்திராமல் இப்போதே அவ்வாறு தருகின்ற அலுவலகங்களின் பெயரை எடுத்துக்காட்டாக முன்வைத்தால், நம் கோரிக்கைக்கு வலு கூடும். நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இதைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் ஊரில் அறிந்த நல்ல அலுவலகங்களைக் காரணத்தோடு சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள்.