காணாக்கடிக்கு செட்ரிசின்... எப்போது போதும், எப்போது போதாது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வாங்கிய மீன். குழம்பு வைத்துச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் கழுத்து, முதுகெல்லாம் சிவந்து தடிச்சு, ஒரே அரிப்பு. வீட்டில் 'காணாக்கடி' என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் செட்ரிசின் கிடைக்கும். பெரும்பாலும் அதுவே போதும்.

நம் உடம்பில் சில செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுவதுதான் இந்தத் தடிப்புக்குக் காரணம். மாத்திரை அந்த ஹிஸ்டமினை வேலை செய்யவிடாமல் தடுக்கும்.

ஆனா, மீன் சாப்பிட்டு அரித்தாலே அலர்ஜினு முடிவு கட்டாதீங்க. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களை உடனே ஐஸில் வைக்காவிட்டால், பாக்டீரியா அந்த மீனிலேயே ஹிஸ்டமினை உருவாக்கிவிடும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும், பொரித்தாலும் அது அழியாது. கூடச் சாப்பிட்ட நாலு பேருக்கும் முகம் சிவந்தால், பிரச்னை உங்கள் உடம்பில் இல்லை, மீனில்!

பெரியவர்களுக்கு வழக்கமான அளவு, ஒரு நாளைக்கு 10 மில்லிகிராம் செட்ரிசின் ஒன்று. அரிப்பு அடங்கலைனு நீங்களாக இன்னொன்று போடாதீர்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே செட்ரிசினோ குளோர்பெனிரமினோ இருக்கும், அட்டையைப் பாருங்க. சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்ட பிறகே போட வேண்டும். குழந்தைக்கு நம் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

தூக்கம் வருமா? அவில், குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் நன்றாகவே தூங்க வைக்கும். செட்ரிசினில் அது குறைவு. ஆனாலும் சிலருக்குக் கண்ணைச் சொருகும். போட்டுக்கொண்டு சிதம்பரம் வரை பைக்கில் போகலாம்னு கிளம்பாதீங்க. மது கூடவே கூடாது.

மாதக்கணக்கில் தினமும் செட்ரிசின் போடுபவரா? திடீரென நிறுத்தினால் சிலருக்குக் கடுமையான அரிப்பு வரும் என்று 2025 மே மாதம் அமெரிக்க எஃப்.டி.ஏ எச்சரித்தது. பழைய அலர்ஜி திரும்பிடுச்சுனு நினைத்து மறுபடி மாத்திரையைத் தேடுகிறார்கள். 6 வாரத்தைத் தாண்டியும் தடிப்பு வந்துகொண்டே இருந்தால், தோல் டாக்டரைப் பாருங்கள்.

உதடு, நாக்கு வீங்குகிறதா? குரல் கம்முகிறதா? மூச்சுத்திணறல், தலைசுற்றல்? அப்போ செட்ரிசின் காப்பாற்றாது. அங்கே தேவை அட்ரினலின் ஊசி. மாத்திரை வேலை செய்யும்னு காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அதுவரை அவரை எழுந்து நடக்கவிடாதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் உட்கார வையுங்கள்.