வயிற்றை வெட்டினால் எடை குறையுமா? கத்திக்குப் போகும் முன் கணக்குப் பாருங்கள்!

மதுரை:

நடுராத்திரி ரெண்டு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கிற ஊர் இது. இந்த ஊரில் கடை வராந்தாவிலும் பஸ்சிலும் ஒரு பேச்சு அடிபடுகிறது: "வயித்தைச் சின்னதாக்கிட்டா எடை தானா குறைஞ்சிருமாமே!"

குறையும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் "தானாக" என்பதுதான் பொய். ஆபரேஷன் மேஜையில் ஒன்றிரண்டு மணி நேரம். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க டூட்டி!

சென்னை அருகே போன உயிர்

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் நடந்த சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. எடை குறைப்பு ஆபரேஷனுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார் ஒரு வாலிபர். ஆபரேஷன் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிலைமை மோசமானது. அவசரமாக வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மறுநாள் உயிர் பிரிந்தது. பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தார்கள். சுகாதாரத் துறை குழு போட்டு விசாரித்தது. ஆஸ்பத்திரியின் அனுமதி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்தச் செய்தியைப் படித்த பலர் "இந்த ஆபரேஷனே எமன்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதுவும் தப்பு. நல்ல வசதியும் பழகிய கையும் உள்ள இடத்தில் இந்த ஆபரேஷனில் உயிர் போகும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான் என்று டாக்டர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பித்தப்பை ஆபரேஷனுக்குச் சமமான ஆபத்து. எந்த இடம், யார் கை, எந்த உடம்பு - இந்த மூன்றில்தான் எல்லாம் இருக்கிறது.

மந்திரிகளும் செய்துகொண்டார்கள்

பாரதிய ஜனதா தலைவராக இருந்த நிதின் கட்காரி 2011-ல் இந்த ஆபரேஷன் செய்துகொண்டார். மத்திய நிதி மந்திரியாக இருந்த அருண் ஜெட்லி 2014 செப்டம்பரில் செய்துகொண்டார். அவருக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை வியாதி.

எகிப்து நாட்டு இமான் அகமது கதை உலகம் பூராவும் தெரியும். சுமார் 500 கிலோ எடை என்று சொல்லப்பட்ட அந்தப் பெண்ணை 2017 பிப்ரவரியில் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டு வந்தார்கள். மார்ச்சில் ஆபரேஷன். எடை ஏகமாகக் குறைந்தது என்றது ஆஸ்பத்திரி. இல்லை என்றார் தங்கை. சண்டை முற்றி, மே மாதம் அபுதாபிக்குக் கொண்டு போனார்கள். அங்கே செப்டம்பரில் இறந்து போனார். உடம்பின் மற்ற உறுப்புகள் கெட்டுப் போகும்வரை காத்திருந்தால் வெறும் எடை குறைப்பு மட்டும் காப்பாற்றாது என்பதே அந்தக் கதையின் பாடம்.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

கொழுப்பை வழித்து எடுக்கும் வேலை இல்லை இது. கை வைப்பது இரைப்பையில்.

ஒரு முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பாகத்தில்தான் ஊறுகிறது. அதனால் பசியும் மட்டுப்படுகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொரு முறை பைபாஸ். இரைப்பையின் மேல்பக்கம் முட்டை அளவுக்குச் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலில் இணைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழக டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கி வைத்தது இது. அல்சருக்காக இரைப்பையைக் குறைத்தவர்கள் மெலிந்து போனதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது!

இப்போது பெரும்பாலும் சின்னச் சின்னத் துளை போட்டுத்தான் செய்கிறார்கள். ரெண்டு மூணு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

யாருக்கு, யாருக்கு இல்லை?

கல்யாணத்துக்கு முன் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று போகிற இடம் இது இல்லை.

டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் ரெண்டு தடவை வகுக்க வேண்டும். அஞ்சரை அடிக்குக் கொஞ்சம் குறைந்த ஆள், அதாவது 165 சென்டிமீட்டர், 110 கிலோ இருந்தால் கணக்கு 40-ஐத் தாண்டும். 100 கிலோ என்றால் 36 சொச்சம். நம்ம நாட்டு உடம்புக்கு 25 தாண்டினாலே பருமன். சர்க்கரை, இதய நோய் எல்லாம் நமக்குக் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறதே!

2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேர், 100 ஆண்களில் 37 பேர் அதிக எடை. ஆனால் இவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் கத்தி தேவை. மற்றவர்களுக்குச் சாப்பாடு, நடை, மருந்து போதும். 2025-ல் எடை குறைக்கும் ஊசிகளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பி ஏறுகிறவர்கள் நிறைய. அதையும் டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்சூரன்ஸ் வைத்திருக்கும் குமாஸ்தாக்கள் கவனிக்க: 2019-ல் வந்த காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணைய விதியின்படி, 18 வயது முடிந்து கணக்கு 40 அல்லது அதற்கு மேல் இருக்கணும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், தூக்கத்தில் மூச்சு அடைக்கும் கடுமையான கோளாறு போன்றவை சேர்ந்திருக்கணும். மற்ற வழிகளைப் பார்த்தும் எடை குறையவில்லை என்று காட்டணும். உங்கள் பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை வருஷம் என்பதையும் படித்துப் பாருங்கள். அட்வான்ஸ் கட்டிய பிறகு படிப்பதில் பிரயோஜனம் இல்லை!

கேட்க வேண்டிய கேள்விகள்

வீடியோவில் பேசுகிற டாக்டரைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

இந்த ஆபரேஷன் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு வைக்க தீவிர சிகிச்சைப் பிரிவு இங்கேயே இருக்கிறதா? ராத்திரி பூரா மயக்க டாக்டர் இருப்பாரா? தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-ன் கீழ் பதிவு இருக்கிறதா? நடுவில் பிரச்சினை வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள்?

"ஒரே நாளில் பேசி, மறுநாள் ஆபரேஷன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இதயம், மூச்சு, சர்க்கரை, தைராய்டு, மனநிலை எல்லாம் பார்த்த பிறகுதான் தேதி குறிக்கணும். ஆபரேஷனுக்கு முன் ரெண்டு வாரம் பத்தியச் சாப்பாடு கொடுத்துக் கல்லீரல் கொழுப்பைக் குறைப்பதும் வழக்கம்.

முதல் மாசம்

ஆபரேஷன் முடிந்த அன்றே, இல்லாவிட்டால் மறுநாளே எழுப்பி நடக்க வைப்பார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் மருந்து. முதல் ரெண்டு வாரம் திரவம் மட்டும். மடக்கு மடக்காக, நாள் பூராவும். பிறகு மசித்த பருப்பு, குழைந்த முட்டை. அதற்குப் பிறகுதான் மெல்லுகிற சாப்பாடு.

காய்ச்சல், மார்பு படபடப்பு, மூச்சு வாங்குதல், தோள்பட்டை வலி, கால் வீக்கம் - இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. தைத்த இடம் கசிந்தால் மணிக்கணக்கில் நிலைமை மாறும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் முதல் பத்து நாள் மதுரையில் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்குவது புத்திசாலித்தனம். சர்க்கரை மாத்திரை அளவையும் டாக்டர் குறைத்தே ஆகணும். பழைய அளவே சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ நேரும்.

விருந்துதான் வில்லன்

மூணாவது மாசத்திலிருந்து முடி கொட்டும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். தோல் தொங்கும். அது தானாக ஒட்டாது. ஒன்றரை வருஷம்வரை பெண்கள் கர்ப்பத்தைத் தள்ளிப் போடணும். பி-12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுசுக்கும். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. "நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டால் ரத்தசோகை வரும், எலும்பு தேயும், நரம்பு மரத்துப் போகும்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கல். வடக்கம்பட்டி முனியாண்டி கோவிலில் பிரியாணியே பிரசாதம். காதுகுத்து, கிடாவெட்டு என்றால் இலையில் மிச்சம் வைத்தவரைப் பார்த்து, "என்ன மாப்ளே, எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்பார்கள். வீட்டுக்காரர்களே முன்கூட்டிச் சொல்லி வைக்கணும். இவருக்கு நாலு வாய்தான், வற்புறுத்தாதீங்க அத்தை!

கறித்துண்டு சின்ன வயிற்றில் நிற்கும். ஜிகர்தண்டா நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அதனால்தான் ஆபரேஷன் செய்தும் சிலருக்கு எடை திரும்புகிறது. பைபாஸ் செய்தவர்கள் இனிப்பு குடித்தால் வேர்வை, படபடப்பு, தலைசுற்றல் வேறு. சாராயமும் அவர்களுக்குச் சட்டென்று தலைக்கேறும்.

பலன் உண்டா?

உண்டு. சுவீடனில் 1987-ல் தொடங்கி நாலாயிரம் பேருக்கு மேல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களின் ஆயுள், செய்யாத பருமனானவர்களைவிடச் சுமார் மூன்று வருஷம் கூடுதலாக இருந்தது என்று 2020-ல் வெளியிட்டார்கள். சர்க்கரையும் பலருக்கு அடங்குகிறது. சொந்தக்காரர்கள் "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று ஏசுவது நியாயமே இல்லை. கடும் பருமன் ஒரு வியாதி என்று டாக்டர்கள் ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று.

லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன், அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டுப் போட்டு டாக்டரிடம் அபிப்பிராயம் கேளுங்கள். காப்பீட்டு கவுண்டரிலும் விசாரியுங்கள். ஒரு டாக்டர் "உடனே" என்றால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

நகை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற ஊர் இது. உயிருக்கு ரெண்டு டாக்டராவது பார்க்க வேண்டாமா?