திருநெல்வேலிக்கே அல்வாவா?

ஜூன் மாதம் பிறந்தால் குற்றாலத்தில் சீசன். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வரும். கூடவே சாரலும் வரும். தென்காசிக் கடைத்தெருவில் நிற்பவர் முகத்திலும் அந்தச் சாரல் படும்.

சாரலில் நனைந்தபடி வீடு திரும்பும் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஆங்கிலப் பாடத்தைத் திறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "பூனைகளும் நாய்களுமாக மழை பெய்தது" என்று அதில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியும். ஆனால் வாக்கியம் விளங்கவில்லை! "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று புத்தகத்தை மூடி விடுகிறான்.

குற்றம் பையனுடையது அல்ல. அது சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்கும் வாக்கியமே அல்ல, மரபுத்தொடர். பெருமழை கொட்டியது என்பதே அதன் பொருள். "வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது" என்று நம் வீட்டில் சொல்லவில்லையா? வானத்தில் எங்கே பொத்தல் என்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லையே!

நிலக்கரியும் அல்வாவும்

இங்கிலாந்தில் நியூகாசில் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் அங்கிருந்துதான் கப்பல் கப்பலாக நிலக்கரி வெளியூர்களுக்குப் போயிற்று. எனவே வீண் வேலை செய்பவனைப் பார்த்து, "நியூகாசிலுக்கு நிலக்கரி சுமக்கிறான்" என்றார்கள். இதையே நம்மவர்கள், "திருநெல்வேலிக்கே அல்வாவா?" என்று கேட்டு விடுகிறார்கள். "கொல்லன் தெருவில் ஊசி விற்பதா?" என்பதும் இதே கருத்துதான்.

ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்வார்கள். நாம் இரண்டு மாங்காய்களை அடிப்போம். எளிதான வேலை அவர்களுக்கு ஒரு துண்டு கேக். நமக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி!

குளிர்ந்தால் நல்லதா?

குளிர் நாட்டில் பிறந்த ஆங்கிலத்தில் அன்பு என்றால் வெதுவெதுப்பு. முகம் கொடுக்காத வரவேற்பை அவர்கள் குளிர்ந்த வரவேற்பு என்பார்கள். வெயில் நாட்டில் பிறந்த தமிழில் எல்லாம் நேர்மாறு. நல்லதைக் கண்டால் கண் குளிரும், மனம் குளிரும். பொறாமை வந்தால்தான் வயிறு எரியும்! சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் புகழ்ச்சி வசையாகிவிடும்.

அதற்காக, வெளியிலிருந்து எதுவும் வரக் கூடாது என்பதில்லை. 'பச்சைக்கொடி காட்டினார்' என்பது ரயிலோடு வந்த தொடர். ரயிலையும் கொடியையும் நாம் கண்ணால் கண்டதால் அது ஒட்டிக்கொண்டது.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954-ம் ஆண்டு காலமான ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் ஆங்கிலம் கற்ற வழக்கறிஞர். ஆனாலும் தமிழில் கல்வி வேண்டும் என்றார். தமிழில் இசை வேண்டும் என்றார். ஆங்கிலம் கற்றவர் தமிழை விட வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

பாட்டியிடம் கேளுங்கள்

பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து, ஆங்கிலப் பொருளோடு 1874-ம் ஆண்டு வெளியிட்டார். அவர் தேடித் திரட்டிய செல்வம் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது.

பையன் புத்தகத்தை மூடினால் கோபிக்காதீர்கள். வாக்கியத்தின் கருத்தை ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பிறகு, "இதை நம் ஊரில் எப்படிச் சொல்வோம்?" என்று பாட்டியிடம் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி பள்ளிக்கூடம் போகாதவராக இருக்கலாம். ஆனால் பதில் சட்டென்று வரும். பையனுக்கு ஆங்கிலமும் புரியும். பாட்டியின் அருமையும் புரியும்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!