மொழிக்கூடும் மானியமும்

ஒரு பள்ளிக்கு அரசாங்க மானியம் கிடைத்தால் மகிழ்கிறோம். அந்தப் பணம் எத்தகைய நிபந்தனைகளோடு வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

1970களில் மாவோரி மொழியைச் சரளமாகப் பேசியவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பிள்ளைகளோ ஆங்கிலமே பேசி வளர்ந்தனர். ஆகவே, 1982ஆம் ஆண்டில், வெலிங்டன் நகருக்கு அருகே, மாவோரி விவகார இலாகாவின் ஆதரவோடு, முதலாவது 'கோஹாங்கா ரெயோ' தொடங்கப்பட்டது. மொழிக்கூடு என்பது அதன் பொருள். அங்கே பாட்டிமார் குழந்தைகளுடன் மாவோரியிலேயே பேசிப் பழகினர்.

கூட்டைவிட்டு வெளிவரும் பிள்ளைகள் அடுத்து எங்கே படிப்பது? 1985இல், ஆக்லாந்தில், அரசாங்க நிதியை எதிர்பாராமலே மாவோரி வழிப் பள்ளி ஒன்றை நிறுவினர். 1989ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய பள்ளிகளை அங்கீகரித்தது.

1990இல் மொழிக்கூடுகள் கல்வி அமைச்சின் பொறுப்பில் வந்தன. சிக்கலும் உடன் வந்தது. பொதுப் பாலர் பள்ளிகளுக்குரிய அளவுகோலே இவற்றுக்கும் பொருத்தப்பட்டது. பிற்காலத்தில், பதிவுபெற்ற ஆசிரியர்கள் நடத்தும் நிலையங்களுக்குக் கூடுதல் மானியம் கிடைத்தது. மொழியறிந்த பாட்டியின் உழைப்புக்கு அந்த மதிப்பில்லை. மாவோரி மக்களின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி நடுவர் மன்றம், இம்முறை மொழிக்கூடுகளுக்குப் பாதகமானது என 2012இல் எடுத்துரைத்தது.

பணம் கொடுப்பது பாதி உதவிதான். மொழியறிந்த மூதாட்டிக்கும் மானியக் கணக்கில் ஓர் இடம் இருந்தால்தான் கூடு நிலைக்கும்.