கடல் உறிஞ்சும் கரியமில வாயு: கணக்கிடுவது எப்படி?

நிலக்கரி, டீசல் எரிப்பதாலும் காடுகளை அழிப்பதாலும் வெளியாகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு பகுதியைச் செடிகொடிகளும் மண்ணும் ஏற்கின்றன. எஞ்சியது காற்றில் தங்கி வெப்பத்தைக் கூட்டுகிறது.

கடலின் பங்கை அறிய, கடல் நீரிலும் அதன் மேலுள்ள காற்றிலும் இவ்வாயுவின் அழுத்தத்தைக் கப்பல்களில் பொருத்திய கருவிகளால் அளக்கிறார்கள். காற்றில் அழுத்தம் கூடுதலானால் வாயு நீருக்குள் இறங்கும். நீரில் கூடுதலானால் வெளியேறும். காற்று பலமாக வீசினால் இது விரைவாக நடக்கும்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் ஆழம் தவறினால் உரச் சிபாரிசும் தவறும் என்பது விவசாயிகள் அறிந்ததே. கடலிலும் இதே சிக்கல்தான். கப்பல்கள் சில மீட்டர் ஆழத்து நீரை எடுக்கின்றன. வாயு நுழைவதோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேற்படலத்தின் வழியாக. அது அடியிலுள்ள நீரைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2020-ல் இதையும் சேர்த்துக் கணக்கிட்டனர். கடல் உறிஞ்சும் அளவு, கார்பன் எடையில், ஆண்டுக்கு 80 முதல் 90 கோடி டன் வரை கூடுதலாகத் தெரிந்தது.

ஆனால் கடல் சூடேற ஏற அது வாயுவை ஏற்கும் திறன் குறையும். ஆகவே இந்த அளவீட்டை ஆண்டுதோறும் தொடர்வது அவசியம்.