சாரலில் நின்ற மொபெட்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால், தென்காசியிலிருந்து பழக்கூடை ஏற்றிச் செல்ல என் தந்தையாருக்கு உள்ளது பழைய டி.வி.எஸ். 50 ஒன்றுதான். வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். 1980-இல் ஓசூரில் பிறந்த இவ்வினம் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்தே எரிப்பது. அதன் நோய்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

சாரலில் கிளம்ப மறுத்தால் முதலில் பிளக்கைக் கழற்றுவேன். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியில்தான் குறை. பிளக் தொப்பியில் ஈரம் இறங்கியிருக்கும். முனை உலர்ந்திருந்தால் பெரும்பாலும் கார்புரேட்டர் ஜெட்டில் அடைப்பு. (நண்பர்களே, ஜெட்டில் கம்பியை நுழைக்காதீர்கள், துளை பெரிதாகிவிடும். ஊதினாலே போதும்!)

கிளம்பியும் ஏற்றத்தில் இழுக்கவில்லையெனில் சைலன்சரைப் பாருங்கள். எரிந்த ஆயிலின் கரி புகைவழியை அடைத்திருக்கும். எங்கள் வண்டிக்கு முக்கால்வாசி நோவு இதுதான். கரியைச் சுரண்டிய பின்னும் இழுக்காமல், பெடலை மிதிக்கையில் எதிர்ப்பும் இல்லையென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அதற்கு மட்டும் பட்டறைக்குப் போகிறோம்; சிலிண்டரைக் கடைய லேத் வேண்டுமே.